வகுப்பில் தூங்கிய டீச்சர்

கண் விழித்தபோது வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறி மட்டும் கடகடத்துக்கொண்டிருந்தது. என் கன்னம் வருகைப் பதிவேட்டின் மேல் இருந்தது. பக்கத்தின் நீலக் கோடுகள் கண்ணுக்கு மிக அருகில் தண்டவாளம் போலத் தடித்துத் தெரிந்தன.

நிமிர்ந்து பார்த்தேன். பிளஸ் டூ ‘அ’ பிரிவு. முப்பத்தெட்டுப் பெண்கள் ஆளுக்கொரு புத்தகத்தை விரித்துவைத்துக் குனிந்திருந்தார்கள். யாரும் படிக்கவில்லை. அது ஓர் ஆசிரியைக்குத் தெரியும். கதவு சாத்தியிருந்தது, நான் சாத்தவில்லை. வராந்தாவைப் பார்த்த ஜன்னலையும் யாரோ ஒருக்களித்துவிட்டிருந்தார்கள்.

வருகை எடுக்க உட்கார்ந்தது நினைவிருக்கிறது. பதினேழாவது பெயர்வரை குறி போட்டிருந்தேன். பதினெட்டாவது பெயருக்கு எதிரே பேனா மை புழுவைப்போல நெளிந்து பக்கத்தின் அடிவரை இறங்கியிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருந்தது.

அதட்டவும் முடியவில்லை, மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. எங்கே விட்டோம் என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த கௌசல்யா எழுந்து, கொஞ்சம்கூடச் சிரிக்காமல், “பதினேழு மிஸ்” என்றாள்.

மணி அடித்ததும் ஆசிரியர் அறைக்குப் போகாமல் நேராகக் குழாயடிக்குப் போனேன். முகம் கழுவுகிற சாக்கில் நன்றாக அழுதேன்.

இந்தத் தொடரில் நான் வாங்கிய பாராட்டுகளே அதிகம் வருகின்றன என்று ஒரு வாசகி கடிதத்தில் குறைப்பட்டிருந்தார். நியாயமான குறைதான். அதனால் இந்த வாரம், யாரிடமும் சொல்லிக்கொள்ள விரும்பாத ஒரு வருடத்தைச் சொல்கிறேன்.

மூன்று நிற ஸ்கெட்ச் பேனா

நான் வேதியியல் ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் சீர்காழிப் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தேன். ஒருநாள் ஒரு பெண் எழுந்து, வெள்ளிக் கொலுசு கறுத்துப்போகிறதே, அம்மாவின் தாலி மட்டும் ஏன் கறுக்கவில்லை என்று கேட்டாள். எனக்கு விடை தெரியும். ஆனால் அன்றைக்கு அந்தப் பாடத்தைத் தயார் செய்யவில்லை. பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அது பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லிவிட்டேன். கடைசி வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்து முன்வரிசைவரை வந்தது.

அன்று முடிவு செய்தேன், இனி ஒரு வகுப்புக்கும் தயாரிக்காமல் போவதில்லை என்று. அது நல்ல முடிவுதான். அதை நான் வைத்துக்கொண்ட விதம்தான் நல்லதாக இல்லை.

ஒவ்வொரு ஜூன் மாதமும் பழைய பாடக் குறிப்பு நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவேன். மூன்று புத்தகங்களைப் பார்த்து, மூன்று நிற ஸ்கெட்ச் பேனாவால் படம் போட்டு எழுதுவேன். போன வருட நோட்டை வைத்துப் பாடம் நடத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வாரத் தேர்வு வைத்தால் மறுநாளே திருத்திக் கொடுத்தாக வேண்டும் என்று ஒரு வைராக்கியம். அதற்குப் பிறகுதான் இணையத்தில் ஏற்றவேண்டிய மதிப்பெண், வினாத்தாள், வீட்டு வேலை எல்லாம். பன்னிரண்டரைக்குப் படுத்து நான்கரைக்கு எழுவேன்.

இதை யாரும் என்மேல் திணிக்கவில்லை. ஆசிரியர் அறையில், “நேத்து நாலு மணி நேரம்தான் தூங்கினேன்” என்று சொல்லும்போது எனக்குள் ஒரு பெருமை இருந்தது. மற்றவர்கள் நகை வாங்கியதைச் சொல்வதுபோல நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் தஞ்சாவூருக்கும் ஒரத்தநாட்டுக்கும் நடுவில், கல்லணைக் கால்வாயை ஒட்டியது. என் கணவர் இளங்கோ விவசாயி. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் அவருக்கும் நேரம் காலம் கிடையாது; மடை பார்க்க எந்நேரமும் எழுந்து போவார். ஆனால் மதியம் சாப்பிட்டதும் கூடத்தில் துண்டை விரித்துப் படுத்தாரானால் இடி விழுந்தாலும் எழமாட்டார். எனக்கு அதுவும் ஒரு குறையாகத்தான் பட்டது.

நான் தூங்கியதெல்லாம் பேருந்தில்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, கால்வாய்க் காற்று முகத்தில் பட்டதும் தலை சாய்ந்துவிடும். நடத்துநருக்கு என் பெயர் தெரியாது. நிறுத்தம் வந்ததும், “கெமிஸ்ட்ரி எறங்குங்க” என்பார். ஒருநாள் அவருக்கு விடுமுறை. நான் பட்டுக்கோட்டை வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தோம். எட்டாவது படித்த மகள் யாழினி மட்டும் சிரிக்கவில்லை. நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன், மீதியை அவள்தான் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றாள். வேலை அதிகம் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

எண்ணெய் மாதிரி

வகுப்பில் தூங்கிய நாளுக்கு மூன்று வாரம் கழித்து அது நடந்தது.

ஆய்வகத்தில் தரம்பார்த்தல் சோதனை. மாணவிகள் பிப்பெட்டில் கரைசலை எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, அதில் நீர்த்த கந்தக அமிலத்தைச் சேர்த்துவிட்டு, பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெர்மாங்கனேட்டை இறக்க வேண்டும். நிறம் இளஞ்சிவப்பாக நிற்கும் கணத்தைப் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெண்களுக்கு அது பிடிக்கும்.

ஆய்வக உதவியாளர் பணியிடம் காலியாக இருந்தது. அமிலத்தை நீர்க்கச் செய்து பாட்டில்களில் நிரப்புவது என் வேலை. காலை ஏழு மணிக்கே போய்ச் செய்துவைத்திருந்தேன். நான்கு மேசை, நான்கு பாட்டில்.

சோதனை தொடங்கிய சற்று நேரத்தில் நான்காவது மேசையிலிருந்து கௌசல்யா கூப்பிட்டாள். குரல் உயரவில்லை.

“மிஸ், இது தண்ணி மாதிரி ஊத்தல. வெளக்கெண்ண மாதிரி எறங்குது.”

திரும்பிப் பார்த்தேன். பாட்டிலைக் குடுவைக்கு நேராகச் சாய்த்தவள் அப்படியே நிமிர்த்திப் பிடித்திருந்தாள். பாட்டிலின் வாயிலிருந்து ஒரு துளி வழிந்து அவள் புறங்கைக்கு வந்துகொண்டிருந்தது.

நீர்த்த அமிலம் தண்ணீரைப்போல ஓடும். அடர் கந்தக அமிலம்தான் எண்ணெயைப்போலக் கனத்து இறங்கும். அதைக் குடுவையில் இருந்த கரைசலில் ஊற்றியிருந்தால் அந்த நொடியே கொதித்து முகத்தில் தெறித்திருக்கும். சுற்றி ஐந்து பெண்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாட்டிலை வாங்கி வைத்துவிட்டு, அவளை இழுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் கையை நீட்டிப் பிடித்தேன். கால் மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் எரியுது என்று ஒரே ஒரு முறை சொன்னாள். பிறகு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். மேல்தோல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். புறங்கையில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு தழும்பு மட்டும் நின்றது.

திரும்பி வந்து ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். மூன்று பாட்டில்களைச் சரியாக நிரப்பியிருக்கிறேன். நான்காவதை அடர் அமிலம் இருந்த பெரிய பாட்டிலிலிருந்து நேரடியாக நிரப்பியிருக்கிறேன். அதைச் செய்தது என் கைதான். ஆனால் எனக்கு அது நினைவே இல்லை. எவ்வளவு முயன்றும் அந்த இரண்டு நிமிடம் திரும்பி வரவில்லை. முந்தைய இரவு நான் வினாத்தாள் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

தலைமையாசிரியையிடம் போய் அப்படியே சொன்னேன். அவர் நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். பாட்டிலின் மேல் பழியைப் போடவில்லை, காலிப் பணியிடத்தின் மேலும் போடவில்லை.

வளர்மதி கேட்டது

மறுநாள் கௌசல்யாவின் அம்மா வந்தார். பெயர் வளர்மதி. நடவு வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். சேலை முழங்கால்வரை ஈரம், கால் விரல் இடுக்கில் சேறு காய்ந்திருந்தது. என்னை என்ன வேண்டுமானாலும் கேட்க அவருக்கு உரிமை உண்டு. திட்டு வாங்கத் தயாராக நின்றேன். தவறு முழுவதும் என்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க ராத்திரி தூங்குறீங்களா டீச்சர்?” என்றார்.

வகுப்பில் நான் தூங்கியதையும், பிள்ளைகள் கதவைச் சாத்திவிட்டு மூச்சுக் காட்டாமல் இருந்ததையும் மகள் வீட்டில் வந்து சொன்னாளாம். பாவம் மிஸ் என்றுதான் சொன்னாளாம். தமக்கு அப்போதே மனசு சரியில்லை என்றார் வளர்மதி. நடவுக்குப் போகிற இடத்தில் மதியம் அரை மணி நேரம் வரப்பில் தலை சாய்ப்பார்களாம். யார் சத்தம் போட்டாலும் விட்டுக்கொடுப்பதில்லையாம். அப்படிச் சாய்க்காமல் அறுவடைக்கு இறங்கிய ஒரு தடவைதான் அரிவாள் தம் விரலில் பட்டது என்று இடது கையைக் காட்டினார். சுண்டுவிரலின் நுனி இல்லை.

“எம் மக பெரிய படிப்பு படிக்கணும்னு நெனைக்கிது. எனக்கு அதெல்லாம் தெரியாது. உங்கள நம்பித்தான் அனுப்புறேன். நீங்க முழிச்சிருந்தாத்தான அது படிக்கும்?”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அதை எப்படியாவது தாங்கிக்கொண்டிருப்பேன்.

கதிரவனின் நோட்டு

எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியர் கதிரவன் என்னைவிட ஆறு வயது இளையவர். நாலேகால் மணிக்குத் தலைக்கவசத்தை எடுத்தார் என்றால் எடுத்ததுதான். இரவு ஒன்பதரைக்குப் படுத்துவிடுவேன் என்று ஒருமுறை வெளிப்படையாகச் சொன்னார். அன்றே அவரைச் சோம்பேறி என்று என் மனசுக்குள் எழுதி மூடிவிட்டேன். அவருடைய மாணவிகள் நன்றாகத் தேறுவதை அதிர்ஷ்டக் கணக்கில் வைத்திருந்தேன்.

வளர்மதி வந்துபோன மறுநாள் அவரிடம்தான் போய் நின்றேன். எப்படி சார் முடிக்கிறீங்க என்று கேட்டேன். கேட்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தடித்த நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஐந்து வருடமாக ஒரே நோட்டு. இடப்பக்கம் பாடம். வலப்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். வகுப்பு முடிந்ததும், பிள்ளைகளுக்கு எந்த இடத்தில் புரியவில்லையோ அதை மட்டும் அங்கே இரண்டு வரி எழுதுகிறார். சில வலப்பக்கங்களில் ஒன்றுமே இல்லை. சில பக்கங்களில் எழுத இடமில்லாமல் துண்டுத்தாள் ஒட்டியிருந்தது.

“நெறஞ்ச பக்கத்துக்கு மட்டும்தான் மேடம் நான் ராத்திரி உக்காருவேன். மத்ததெல்லாம் நடக்குதே, அத ஏன் மறுபடி எழுதணும்?”

அத்துடன் விட்டிருக்கலாம். நான் விடாமல், ஆரம்பத்திலிருந்தே இப்படித்தானா என்று கேட்டேன். இல்லை என்றார். தனியார் பயிற்சி மையத்தில் காலையும் மாலையும் வகுப்பெடுத்த காலத்தில் வண்டி ஓட்டும்போதே கண் அயர்ந்திருக்கிறார். பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தார். வண்டி சரிந்து, மனைவியின் காலில் தகடு வைத்திருக்கிறது. இன்றைக்கும் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார். கதிரவன் இதைச் சொல்லும்போது நோட்டின் அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். இத்தனை வருடமாக ஒரே அறையில் உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தெரியாது.

பத்து மணிக்குப் படுத்த கதை

எனக்குப் பழைய நோட்டு என்று ஒன்று கிடையாது, எல்லாவற்றையும் கிழித்தாயிற்று. அந்த வருட நோட்டு மட்டும் இருந்தது. அதில் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டினேன்.

பத்து மணிக்குப் படுப்பது என்று வைத்துக்கொண்டேன். முதல் நான்கு நாள் தூக்கமே வரவில்லை. நாளைய பாடத்தை வாய் முணுமுணுத்தது. தப்பு செய்கிறவளைப்போல எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். கைப்பேசியை எடுத்து ஏதாவது பார்க்கலாமா என்று தோன்றும். இளங்கோ அதைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு வந்துவிடுவார். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, படுத்தது தெரியும்; பிறகு கொல்லையில் குயில் கூவியதுதான் தெரியும்.

திருத்தும் வேலையைப் பள்ளியிலேயே ஓய்வுப் பாடவேளையில் முடித்தேன். முடியாதது மறுநாளைக்கு நின்றது. வாரத் தேர்வை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்கினேன். எந்தப் பெண்ணும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

புதிதாக எழுதாமல் வகுப்புக்குப் போன முதல் நாள் எடுத்தது சமநிலைப் பாடம். நோட்டைப் பார்த்துப் பேசாததால் பிள்ளைகளைப் பார்த்துப் பேசினேன். அப்போதுதான் கவனித்தேன், மூன்றாவது வரிசையில் சங்கீதா பலகையைக் கண்ணைச் சுருக்கியே பார்க்கிறாள். ஜூன் மாதத்திலிருந்தே அப்படித்தான் பார்த்திருப்பாள். கண் பரிசோதனைக்கு அனுப்பினோம். இரண்டு வாரத்தில் கண்ணாடி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு வந்த அன்று, “மிஸ், நீங்க அம்புக்குறிக்கு மேல எல்லாம் எழுதுவீங்களா?” என்று கேட்டாள். வேதிச் சமன்பாட்டில் அம்புக்குறிக்கு மேலேதான் வெப்பநிலையை எழுதுவோம். ஆறு மாதமாக அந்தப் பெண்ணுக்கு அது தெரியவில்லை. என் மூன்று நிற ஸ்கெட்ச் பேனாவுக்கும் அவளைத் தெரியவில்லை.

எல்லாம் நேராகப் போனது என்று சொல்லமாட்டேன். செய்முறைத் தேர்வு நெருங்கியபோது பழைய பயம் வந்து, மூன்று நாள் மறுபடி ஒரு மணிவரை உட்கார்ந்தேன். நான்காம் நாள் யாழினி சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, “அம்மா, பாதியில நிறுத்திட்ட” என்றாள். அன்றைக்கு நோட்டை மூடினேன்.

கௌசல்யா நல்ல மதிப்பெண் வாங்கினாள். அவள் நினைத்தது கால்நடை மருத்துவம். ஒரத்தநாட்டிலேயே இடம் கிடைத்தது. சேர்க்கைக் கடிதத்தைக் காட்ட அம்மாவும் மகளுமாக வந்தார்கள். வளர்மதி என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, முகம் தெளிஞ்சிருக்கு என்றார். எனக்குக் கிடைத்த நல்லாசிரியர் விருது அதுதான்.

ஏழரை மணி வகுப்பு

இந்த வருடம் பள்ளி திறந்த முதல் வாரம், புதிய பிளஸ் டூ வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். நேற்று யார் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஐந்து. நாலரை. ஐந்து. அபிநயா என்ற பெண் நான்கு என்றாள். அவள் அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறார். மூன்றரைக்கு எழுந்து சட்னிக்கு அரைத்துக் கொடுத்துவிட்டு, ஆறு மணிப் பேருந்தைப் பிடித்து எங்கள் சிறப்பு வகுப்புக்கு வருகிறாள். சிறப்பு வகுப்பு ஏழரைக்கு. அந்த நேரத்தை வைத்தது வேறு யாருமில்லை, சில வருடங்களுக்கு முன் நான்தான்.

நான் தூங்கக் கற்றுக்கொண்ட இரண்டு வருடமும் இவர்கள் தூங்காமல் வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தலைமையாசிரியையிடம் போனேன். சிறப்பு வகுப்பை எட்டரைக்கு மாற்றலாம் என்றேன். அவர் தயங்கினார். மற்ற பள்ளிகளில் ஏழுக்கே தொடங்குகிறார்கள், பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது, தேர்ச்சி குறைந்தால் யார் பொறுப்பு என்றார். ஒவ்வொன்றும் சரியான கேள்விதான்.

“நான் பொறுப்பு மேடம். எழுதித் தரேன்” என்றேன்.

கதிரவனும் உடன் வந்து நின்றார். அவர் நிறையப் பேசவில்லை. தானும் கையெழுத்துப் போடுவதாக மட்டும் சொன்னார். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார் தலைமையாசிரியை. மாதத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் பழைய நேரத்துக்கே திரும்பிவிட வேண்டும். ஒப்புக்கொண்டோம். பெற்றோர் கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் முகம் சுளித்தார்கள். அபிநயாவின் அம்மா பின்வரிசையில் இருந்து, “அப்பன்னா அது ஒரு மணி நேரம் கூடப் படுக்கட்டும். சட்னிய நான் பாத்துக்குறேன்” என்று மட்டும் சொன்னார்.

அந்த மாதத் தேர்வில் மதிப்பெண் ஏறவில்லை. குறையவும் இல்லை. குறையவில்லை என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அடுத்த மாதத்தையும் வாங்கிவிட்டோம். இன்றுவரை எட்டரை மணிதான்.

நேரம் மாற்றிய முதல் நாள் காலை நினைவில் இருக்கிறது. வெயில் ஏறியிருந்தது. பெண்கள் காலைச் சாப்பாட்டை முடித்து, ஈரத்தலையை நன்றாகத் துவட்டிப் பின்னி வந்திருந்தார்கள். யாரும் மேசையில் கவிழவில்லை. அன்று வகுப்பில் ஒருத்திகூடக் கொட்டாவி விடவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. மூன்று பேர் விட்டார்கள். அவர்களைப் பார்த்து எனக்கும் ஒன்று வந்துவிட்டது. அபிநயா சிரித்துவிட்டாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன்.